ஒரு ‘ஆமா’வும் ஒரு கேன் ஆயிலும்

இன்ஜின் நின்றபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டீசல் இன்ஜின் வைத்த சின்னப் படகில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? அந்தச் சத்தம் காதில் மட்டும் கேட்காது. பல்லில் கேட்கும். முதுகெலும்பில் கேட்கும். அது சட்டென்று நின்றால்... யாரோ நம் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும்.

போன மாதம், இரண்டாம் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. காலை ஒன்பது மணி. போர்ட் பிளேருக்குக் கிழக்கே, துறைமுக வாயைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டோம். காற்று இல்லை. கடல், கஞ்சி போட்டுத் தேய்த்த நீலச் சேலை மாதிரி மடிப்பே இல்லாமல் கிடந்தது. படகில் இரண்டே பேர். நானும் என் மச்சினன் கிளாட்வினும்.

நான் பலகையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். ஆஹா, என்ன ஒரு அமைதி!

கண்ணைத் திறந்து கிளாட்வின் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது.

கிளாட்வின் என் மனைவி மெர்சியின் தம்பி. பாம்பூஃப்ளாட் ஊரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். அவர்கள் அப்பா காலத்திலேயே இந்தத் தீவுக்கு வந்துவிட்டார்கள். நானோ தினமும் ஃபெர்ரியில் எதிர்க்கரை சாத்தம் போய், ஆபீஸில் ஃபைல் பார்த்து, சாயங்காலம் அதே ஃபெர்ரியில் திரும்புகிற ஆள். கடல் எனக்கு வேடிக்கை. அவனுக்குச் சோறு. ‘ஆரோக்கியமாதா’ என்று பெயர் எழுதிய அந்த ஒற்றை சிலிண்டர் படகை நம்பித்தான் அவன் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.

இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலை மாட்டி இழுத்தான். அசையவில்லை. காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தான். ம்ஹும். சுவரில் அடித்த ஆணியை இழுக்கிற மாதிரி இருந்தது.

“ஜாம் ஆயிட்டு அத்தான்.”

“கொஞ்சம் ஆறட்டும். ஆறினா சரியாயிரும்லா?”

“வெறும் சூடுன்னா ஆறும். இது உள்ள பிடிச்சிட்டு.” ஆயில் மூடியைத் திறந்தான். அடுப்பில் மறந்துபோன வாணலியின் தீய்ந்த வாசனை. “இருளப்பண்ணாச்சி நல்லா வேல பாத்திருக்காரு! புது ரிங்கு, புது பேரிங்கு, புது ஆயிலு. மூணு வாரம் தாங்கலியே... அந்த மனுசன் கேம்பல் பேலேருந்து வரட்டும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வாரப் பத்தி, அந்த ‘ஒன்றும் சொல்லவில்லை’யைப் பற்றித்தான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இருளப்பன் எங்கள் பக்கத்து டீசல் மெக்கானிக். ராமநாதபுரத்துக்காரர். என் வயதுதான். படகு இன்ஜின், ஜெனரேட்டர், பம்ப் செட்... டீசல் குடிக்கிற எதுவும் அவர் சொன்னபடி கேட்கும். மழைக்காலத்தில் படகைக் கரையேற்றியபோது கிளாட்வினின் இன்ஜினை அவர் பிரித்துப் போட்டார். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் சென்னைக்குக் கப்பலேற இருந்தேன். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும்.

“சார், மேன்லேண்ட் போறீகள்ல? ரிங் செட்டும் பேரிங்கும், கூட ஒரு கேன் ஆயிலும் வாங்கிட்டு வந்துருங்க. இங்க கடைல கேட்டா, கார்கோ ஷிப் வரட்டும்னு சொல்றாய்ங்க” என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் ரிங், பேரிங் நம்பர்கள். அதற்குக் கீழே: ‘டீசல் இன்ஜின் ஆயில். பதினைந்து டபிள்யூ நாற்பது. பெட்ரோல் வண்டி ஆயில் வேண்டாம்.’ வேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எழுத முடியுமா?

சென்னையில் ஹாஸ்டல் கேட் வரை மகளோடு போனேன். அவள் உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதன் பிறகு நான் எந்தத் தெருவில் நடந்தேன், எந்த பஸ்ஸில் ஏறினேன்... சுத்தமாக ஞாபகம் இல்லை. வெயில், ஹாரன், ஜனங்கள், எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கண்ணாடியோடுதான் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைந்தேன்.

ரிங், பேரிங் சரியாகக் கிடைத்தன. “இன்ஜின் ஆயில் ஒரு கேன்” என்றேன்.

கடைக்காரர் ஷெல்ஃபிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். தங்க நிறக் கேன். வெளிச்சத்தில் மின்னியது. “ஃபுல்லி சிந்தெட்டிக் சார். ஜீரோ டபிள்யூ இருபது. இப்ப வர்ற புது கார் எல்லாத்துக்கும் இதான். தண்ணி மாதிரி ஓடும். இன்ஜினே ஸ்மூத்தா இருக்கும்.”

“பதினைந்து நாற்பதுன்னு எழுதியிருக்காங்க...”

“அது லாரிக்கெல்லாம் போடறது சார். உங்க கார் என்ன மாடல்?”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘கார் இல்லை, ஒரு பழைய டீசல் படகு.’ ஆறே வார்த்தை. அவரும் உடனே மாற்றிக் கொடுத்திருப்பார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எனக்கு அந்தத் தங்க நிறம் கண்ணில் ஒட்டிக்கொண்டது. லாரிக்குப் போடுவதை என் மச்சினன் படகுக்குப் போடுவதா? இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதுதான் நல்லது — இந்த நினைப்பு எனக்கு மட்டும்தான் இருக்கிறதா என்ன? அன்று காலை மகளுக்கு சூட்கேஸ் வாங்கியதும் இதே கணக்கில்தான். அவளுக்கு என்ன தேவை என்று தெரியாததால், இருப்பதிலேயே பெரியதை வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது கப்பலில் மூன்று நாள். படுக்கைக்கு அடியில் அந்தக் கேன். கப்பல் ஆடும்போதெல்லாம் உள்ளே ஆயில் ‘களுக்... களுக்’ என்று மெல்லப் பேசியது. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன். நல்ல தூக்கம்.

ஊர் வந்ததும் எனக்குக் காய்ச்சல். ரிங்கும் பேரிங்கும் மட்டும் இருளப்பனிடம் போயின; கேன் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டே நாளில் அவர் இன்ஜினைச் சேர்த்து முடித்தார். மூன்றாம் நாள், தெற்குக் கோடியிலிருக்கும் கேம்பல் பேக்குக் கப்பல். அங்கே ஒரு பெரிய ஜெனரேட்டர் வேலை அவருக்காகக் காத்திருந்தது. “சார் வாங்கிட்டு வந்த ஆயில ஊத்திக்க தம்பி. சீட்டுல எல்லாம் எழுதிக் குடுத்துருக்கேன்” என்று கிளாட்வினிடம் சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

கிளாட்வின் கேனை எடுக்க வீட்டுக்கு வந்தான். கையில் தூக்கிப் பார்த்தான். அவனுக்கும் அதன் நிறம் பிடித்திருந்தது போல.

“இருளப்பண்ணாச்சி எழுதிக் குடுத்த ஆயிலுதான இது?”

ஒரு விநாடி யோசித்தேன். ‘இல்லடே, இது வேற, அதவிட ஒசத்தி’ என்று சொன்னால் அவன் இருளப்பனுக்கு போன் போடுவான். இருளப்பன் என்னிடம் கேட்பார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது வெளியே வரும். வாராவாரம் பத்தி எழுதுகிறவன், ஊரில் யார் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கருத்து வைத்திருக்கிறவன்... ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல இவனுக்குப் பழக்கம் இல்லை.

“ஆமா” என்றேன்.

அந்த ‘ஆமா’தான் மூன்று வாரம் கழித்து எங்களை நடுக்கடலில் நிறுத்தியது. இன்ஜினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அந்தத் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும், சீட்டில் இருந்த அந்த இரண்டு கோடு கண் முன்னால் வந்து நின்றது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். படகில் இரண்டே பேர். கேட்க வேறு யாரும் இல்லை.

சொல்லவில்லை.

மிதக்க ஆரம்பித்தோம். நீங்கள் எப்போதாவது மிதந்திருக்கிறீர்களா, போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லாமல்? முதல் ஒரு மணி நேரம் அது ஒரு கனவு மாதிரிதான் இருந்தது. படகு ஒரு பக்கமாக, யாரோ தூக்கத்தில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கிற மாதிரி, மெதுவாகத் திரும்பியது. தண்ணீருக்கு அடியில் வெயில் நீளநீளமான குச்சிகளாக இறங்கிக்கொண்டிருந்தது. பறக்கும் மீன்கள் ஒரு பிடி எழுந்து, வெள்ளி மாதிரி மின்னி, மறுபடி விழுந்தன. ஒரு பெரிய ஆமை பக்கத்தில் வந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ‘இவர்களுக்கு இங்கே என்ன வேலை’ என்று நினைத்ததோ என்னவோ, அவசரமே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

தீவு மட்டும் நிறம் மாறிக்கொண்டிருந்தது. பச்சையாக இருந்தது. நீலமானது. பிறகு நீலத்துக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு கறை.

கிளாட்வின் நங்கூரத்தைப் போட்டான். கயிறு ஓடியது... ஓடியது... முழுக் கயிறும் ஓடி முடித்தது. நங்கூரம் தரையைத் தொடவில்லை. அவன் கயிற்றை மறுபடி இழுத்துச் சுருட்டினான். துடுப்பில் தார்ப்பாயைக் கட்டிப் பாய் மாதிரி தூக்கிப் பிடித்தான். காற்று இருந்தால்தானே? தார்ப்பாய் தொங்கியது. போனை எடுத்து உயர்த்திப் பிடித்தான். ஒரு கோடு வந்தது. அவன் நம்பரைத் தட்டுவதற்குள் போய்விட்டது.

“நீரோட்டம் தெக்க இழுக்கு” என்றான். குரலில் பதட்டம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தண்ணீர் பாட்டில் ஒன்று மிச்சம். என்னிடம் நீட்டினான்.

“நீ குடி.”

“நீங்க குடிங்க அத்தான். நா பழகினவன். நீங்க ஏசி ரூம்ல இருக்கிற ஆளு.”

குடித்தேன். ‘கிளாட்வின், அந்த ஆயில்...’ என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் அப்போது ஜெபமாலையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டான். ஜெபம் சொல்கிறவனை எப்படிக் குறுக்கிடுவது? பார்த்தீர்களா, ஒளிந்துகொள்ள எவ்வளவு நல்ல இடம் கிடைத்தது எனக்கு!

வெயில் உச்சிக்கு வந்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கடலின் மேல் ஒரு சிமெண்ட் பாதை தெரிந்தது. அதில் என் மகள் அந்தப் பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனாள். அது அவளுக்குக் கனமாக இருந்தது. ‘திரும்பிப் பாரும்மா, திரும்பிப் பார்த்தா நான் வந்து தூக்குறேன்’ என்று கத்தினேன். குரல் வரவில்லை. சக்கரத்தின் சத்தம் மட்டும் வந்தது. டுக்... டுக்... டுக்... டுக்...

கண் விழித்தால், நிஜமாகவே சத்தம். ஒரு படகு. கனமான, நிதானமான, வயிறு நிறைந்த டீசல் சத்தம். உலகத்தில் எந்த இசையும் எனக்கு அப்படி இனித்ததில்லை.

தெலுங்கு மீனவர்கள். நாலு பேர். வழக்கம்போல எங்கள் எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியில்தான் பேச்சு.

“க்யா ஹுவா பாய்? இன்ஜின் பந்த்?” என்ன ஆச்சு, இன்ஜின் நின்றுவிட்டதா என்று கேட்டார்கள்.

“ஹாண் பாய், ஜாம் ஹோ கயா!” கிளாட்வினின் குரல் அப்போதுதான் உடைந்தது. அதுவரை அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்குக் காட்டாமல்.

கயிறு வீசினார்கள். கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். மெர்சி படகுத்துறை ஜெட்டியில் நின்றாள். தம்பியையும் என்னையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தாள்.

பேசியது கிளாட்வின்தான். ஜெட்டியில் கூடிய அத்தனை பேரிடமும். “இருளப்பண்ணாச்சி வேலய நம்பிப் போனோம், சாவப் பாத்துட்டு வந்திருக்கோம்!” அவனுக்குத் தெரிந்த உண்மையைத்தான் அவன் சொன்னான். ஜெட்டியில் சொன்னது ஃபெர்ரி ஏறி, சாத்தத்தில் இறங்கி, எங்கெல்லாமோ போய்விட்டது. இருளப்பன் வந்ததும் இன்ஜினைக் கொடுப்பதாக இருந்த இரண்டு படகுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கேம்பல் பேயில் இருந்தார். இங்கே அவர் பெயர் கரைந்துகொண்டிருந்தது.

“அந்த மனுசன் வேலயில அசட்ட செய்ற ஆளு இல்லியே” என்றாள் மெர்சி, சோறு போட்டுக்கொண்டே.

நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

இருளப்பன் வரும்வரை அந்த ஒன்பது நாளும் நான் கரையில் இல்லை. ஆபீஸில் ஃபைலைத் திறந்தால் எழுத்துகள் மெதுவாக ஆடின. ஃபெர்ரியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தால், நங்கூரக் கயிறு ஓடிக்கொண்டே இருந்தது, தரையைத் தொடாமல். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஒரு நாள் அதே ஃபெர்ரியில் திரும்ப சாத்தத்துக்கே போயிருக்கிறேன். டிக்கெட்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பத்தாம் நாள் இருளப்பன் வந்தார். விஷயம் போனிலேயே அவர் காதுக்குப் போயிருந்தது; வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கப்பலிலிருந்து நேராக, டூல்ஸ் பையோடு, கரையேற்றி வைத்திருந்த படகுக்கு வந்துவிட்டார். அவர் வருவது தெரிந்து நானும் அங்கே போயிருந்தேன். ஏன் போனேன்? தெரியவில்லை. கால் போனது.

கிளாட்வின் அவரை “வாங்க” என்றுகூடச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்து நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஆயிலை ஒரு பேசினில் வடித்தார். பேரிங்கை வெளியே எடுத்தார். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டியது. நாய் கடித்துப் போட்ட மாதிரி கிழிந்து, உள்ளே இரும்பு தெரிந்தது.

பேசினிலிருந்து இரண்டு விரலில் ஆயிலைத் தொட்டு உரசினார். மறுபடி உரசினார். முகர்ந்தார்.

“ஆயில் என்ன தம்பி இப்படித் தண்ணியா இருக்கு?”

“நீங்க எழுதிக் குடுத்த ஆயிலுதான். அத்தானே சொன்னாவ.”

“கேன் இருக்கா?”

“தண்ணி கோர அறுத்து வச்சிருந்தேன். கட்டி இழுத்துட்டு வரும்போது கடல்ல விழுந்துட்டு.”

கேன் இல்லை. சாட்சி இல்லை. நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருளப்பன் அந்த இரண்டு விரலையும் துணியில் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்ப டீசல் கலந்துருக்கு. பம்ப்பு சீலு கசிஞ்சு ஆயில்ல எறங்கியிருக்கும். சீல மாத்தியிருக்கணும்... நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன். கப்பலுக்கு நேரமாச்சுன்னு அவசரப்பட்டுட்டேன்.” தலையை ஆட்டிக்கொண்டார். “என் மேலதேன் தப்பு தம்பி. எல்லாம் நானே சரி பண்ணித் தந்துர்றேன். உங்க ரெண்டு பேரையும் கடல்ல... மன்னிச்சுக்கங்க.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷமாக இன்ஜின் பிரிக்கிற கை. அதை அவரே சந்தேகப்பட்டார்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அவ்வளவுதான். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை.

பர்ஸிலிருந்து சீட்டை எடுத்தேன். அவர் கையெழுத்து, இரண்டு கோடு, எல்லாம் அப்படியே இருந்தது.

“இருளப்பன், சீல் இல்ல. நான். நீங்க எழுதினது ஒண்ணு, நான் வாங்கினது ஒண்ணு. கார் ஆயில் வாங்கிட்டு வந்துட்டேன். கிளாட்வின் கேட்டப்போ பொய் சொன்னேன்.”

ஜெட்டியில் ஃபெர்ரி ஹாரன் அடித்தது.

“என்ன நம்பரு சார்?” என்றார் இருளப்பன்.

“ஜீரோ டபிள்யூ இருபது.”

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். அடி வயிற்றிலிருந்து ஒரு மூச்சு வந்தது.

“அப்ப... என் கை தப்பல.”

முதலில் அந்த நிம்மதி. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் கிளாட்வின் அவருக்கு முன்னால் பேசினான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“நாலு மணி நேரம் என் பக்கத்துல உக்காந்திருந்திய அத்தான். அண்ணாச்சிய நா அவ்வளவு ஏசுனேன். கேட்டுட்டேதான இருந்திய? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

ஜெபமாலையைக் காரணம் சொல்லவா? அவன் தண்ணீரோரம் நடந்து போனான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“சார், இங்க வாங்க” என்றார் இருளப்பன். கிழிந்த பேரிங்கை என் கையில் வைத்தார். “இது இரும்பு. உள்ள சுத்துற தண்டும் இரும்பு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது. நடுவுல ஆயில் நிக்கணும். முடி அளவுகூட இருக்காது, ஆனா அதுலதேன் மொத்த இன்ஜினும் மெதக்குது. இது பழைய டீசலு. இடி மாதிரி அடிக்கும், கொதிக்கிற சூடு. அந்தச் சூட்டுலயும் கெட்டியா நிக்கிற ஆயில் வேணும். அதுக்குத்தேன் அந்த நாப்பது. நீங்க வாங்குனது தங்கமான ஆயில்தேன் சார், நான் இல்லங்கல. புதுக் காருக்கு. இங்க அது தண்ணி. வழிஞ்சு ஓடிரும். இரும்பு இரும்பத் தொட்டுருச்சு.”

“பெட்ரோல், டீசல்னு வேற எழுதியிருந்தீங்களே...”

“டீசல்ல கரி வரும் சார். அதக் கழுவித் தூக்கிட்டு அலையுற மருந்து டீசல் ஆயில்ல கூட இருக்கும். அதான் போட்ட கொஞ்ச நாள்லயே கருத்துரும். கருத்தா வேல செய்யுதுன்னு அர்த்தம். கேன்ல ‘சி’ன்னு ஆரம்பிக்கிற எழுத்தப் பாக்கணும், அது டீசலு. ‘எஸ்’ஸு மட்டும் இருந்தா பெட்ரோலு. இவ்வளவுதேன் சார் விசயம். தெரியலேன்னா ஒரு போன் போட்டுருக்கலாம்ல?”

போட்டிருக்கலாம்.

அவர் எழுந்தார். கையைத் துடைத்தார். இப்போது அந்தக் கோபம் வந்தது. சத்தம் போடாத கோபம்.

“ஜெட்டி பூரா என் பேரு நாறிப்போச்சு. ரெண்டு வேல போயிருச்சு. நீங்க எங்கிட்ட இங்க மன்னிப்புக் கேட்டா ஆச்சா? வாராவாரம் எழுதுறீகள்ல? என் மக வாசிச்சுக் காட்டுவா. அந்தப் பேப்பர்ல எழுதுங்க. நீங்க என்ன பண்ணுனீகன்னு எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க.”

“எழுதுறேன்.”

“நல்லா எழுதுறேன்னு சுத்தி வளைக்காதீக. நேரா எழுதுங்க.”

எழுதிவிட்டேன். நேராக வந்ததா என்று அவர் மகள் வாசித்துக் காட்டிய பிறகுதான் தெரியும்.

ஆயில் வாங்க இந்த முறை இருளப்பனே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கார்கோ வந்துவிட்டது, போர்ட் பிளேர் கடையிலேயே இருந்தது. அழுக்குச் சிவப்பில் ஒரு சாதாரணக் கேன். அவர் என் கையில் கொடுத்து, “வாசிங்க” என்றார். ஒண்ணாம் கிளாஸ் பையன் மாதிரி கடைக்காரர் முன்னால் வாசித்தேன். சி. பதினைந்து டபிள்யூ நாற்பது. திரும்பி வரும் ஃபெர்ரி முழுக்க அதை மடியில் வைத்திருந்தேன். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பளபளத்தது. பத்து நாளுக்குப் பிறகு, அன்றுதான் நிஜமாகவே கரையில் இறங்கினேன்.

போன ஞாயிறு, பூசை முடிந்து, இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். ஹேண்டிலை மூன்று சுற்று சுற்றினார் இருளப்பன். இருமியது. பிடித்துக்கொண்டது. அந்தக் கனமான சத்தம் தண்ணீர் மேல் பரவி எங்கோ போனது. அவர் ஒரு காதை இன்ஜின் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கேட்டார். தலையை அசைத்தார். கிளாட்வின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

என்னிடம் கிளாட்வின் இன்னும் முன்போலப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் மட்டும் பேசுகிறான். நேற்று மீன் கொண்டுவந்து வாசலில் நின்றான். “அத்தானுக்குப் பிடிச்ச பாறை மீனு இருக்கு, கொழம்பு வச்சிரு அக்கா” என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லைதான். ஆனால் ‘அத்தானுக்கு’ என்றான். அதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.

ஆகவே, பாம்பூஃப்ளாட்டிலும் சாத்தத்திலும் டீசல் இன்ஜின் வைத்திருக்கிற எல்லோருக்கும்: இருளப்பன் வேலையில் ஒரு தப்பும் இல்லை. என்ன ஆயில் ஊற்றுவது என்று சந்தேகமா? தாராளமாக அவரைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், ‘தெரியாது’ என்றுதான் சொல்வேன் — இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.